தை-ஒத்தோஷி பயிலும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



வெள்ளைப் பட்டையையும் மஞ்சள் பட்டையையும் கடந்து, பாயில் விழுவதற்கு அஞ்சாத பக்குவத்தை எய்தி, இனி ஓர் எறிமுறையையாவது முற்றிலும் தமக்கு உரியதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் உள்ளத்தில் அரும்பப் பெற்றிருக்கிற ஜூடோ மாணவர்களாகிய உங்களை நோக்கியே இம்மடலை வரைகிறேன். உங்களில் பலர் தை-ஒத்தோஷியைத் தேர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நல்ல தேர்வுதான். உயர்ந்தவருக்கும் குள்ளமானவருக்கும் ஒருங்கே இசைந்து கொடுப்பதும், எதிராளியின் பாரத்தை முதுகிலோ இடுப்பிலோ சுமக்கவேண்டிய அவசியம் இல்லாததும், தேகபலம் குன்றிய பிற்காலத்திலும் கைவிட்டுப் போகாததுமாகிய அந்த எறிமுறை, சிரத்தையோடு பயின்றவருக்கு ஆயுள் முழுதும் துணையாக வரும் தன்மையது. ஆயினும் நீங்கள் அதைப் பயின்றுவரும் விதத்தைக் கண்ணுற்ற பின், அதனோடு நெடுங்காலம் பழகி வந்தவன் என்னும் ஓர் உரிமையைக் கொண்டு, மனத்திலுள்ளதை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

பயிற்சிக்கூடத்தில் உங்கள் உரையாடலைச் செவிமடுக்கும்போதெல்லாம், கால் எட்டவில்லை என்றும், கால் தாமதமாக விழுகிறது என்றும், எதிராளி காலைத் தாண்டிப் போய்விடுகிறார் என்றும், தை-ஒத்தோஷியின் வெற்றி தோல்விகள் அனைத்தும் எதிராளிக்குக் குறுக்கே நீட்டிய வலக்காலைப் பற்றியனவாகவே பேசப்படுகின்றன. கால் கண்ணுக்குத் தெரிகிறது. புகைப்படங்களிலும் காலே முதன்மையாக விளங்குகிறது. ஆகையால் இந்தப் பிரமை இயல்பானதே. ஆனால் இந்த எறிமுறையைக் கால் எறிமுறைகளின் வரிசையில் வைக்காமல் கை எறிமுறைகளின் வரிசையில் ஜூடோவின் தலைமைப் பயிற்சிக்கூடமாகிய கோடோக்கான் வைத்திருப்பது தகுந்த காரணம் பற்றியே. வாயிலின் நிலைப்படியில் தடுக்கி விழுகிறவரை நிலைப்படி தள்ளுவதில்லை. அவருடைய வேகமும் பாரமுமே அவரை வீழ்த்துகின்றன. உங்கள் வலக்கால் அந்த நிலைப்படி. எதிராளியை அதை நோக்கி நடத்திக்கொண்டு வருவதும், அவருடைய கால் தடைப்படும் அக்கணத்தில் உடலை அதற்கு அப்பால் செலுத்துவதும் உங்கள் இரண்டு கைகளும் செய்யவேண்டிய காரியம். அந்தக் காரியத்தை உங்களில் பெரும்பாலோர் இன்னும் பயிலத் தொடங்கவே இல்லை.

இன்று கோடோக்கான் அங்கீகரிக்கும் எறிமுறைகள் 68. அவற்றுள் கை எறிமுறைகள் 16. எதிராளியை முதுகில் ஏற்றி முன்னே கவிழ்க்கும் செயோய்-நாகே, தோள்களின் குறுக்கே ஏற்றிச் சுழற்றும் கத்தா-குருமா, உடலோடு உடல் படாமலே வீழ்த்தும் உக்கி-ஒத்தோஷி, சுமி-ஒத்தோஷி முதலியன அவ்வரிசையில் அடங்கும். இரு கைகளாலும் கால்களை வாரி வீழ்த்தும் மொரோத்தே-காரி போன்ற சிலவும் அங்கே உள்ளன; ஆனால் இடுப்புக்குக் கீழே கையால் பற்றுவதைச் சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்தத் தொடங்கி, 2013இல் அடியோடு விலக்கிவிட்டபடியால், அவை சர்வதேசப் போட்டிக் களத்திலிருந்து மறைந்துவிட்டன. போட்டியில் பயன்படாது என்பதற்காக அவற்றைப் பயிலாமலே விட்டுவிடுவது நம் செல்வத்தை நாமே குறைத்துக்கொள்வதாகும் என்பது என் அபிப்பிராயம். எனினும் அது வேறொரு விவாதம். தை-ஒத்தோஷிக்கு அத்தகைய தடை எதுவும் நேர்ந்ததில்லை.

ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1882ஆம் ஆண்டில், தமது இருபத்தொன்றாம் வயதில், டோக்கியோ நகரின் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் 12 தத்தாமிப் பாய்களே கொண்ட ஓர் இடத்தில் கோடோக்கானைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுத்ஸு மரபுகளிலிருந்து அவர் பெற்றிருந்தவை அநேகம். தென்ஜின் ஷின்யோ மரபை ஃபுக்குதா ஹச்சினோசுக்கேயிடமும், அவர் மறைந்த பின் இஸோ மசத்தோமோவிடமும், கித்தோ மரபை ஈக்குபோ த்ஸுனெத்தோஷியிடமும் அவர் கற்றார். கற்றதை அப்படியே ஒப்பிக்கும் சுபாவம் அவரிடம் இருக்கவில்லை. ஃபுக்குதாவின் பயிற்சிக்கூடத்தில் ஃபுக்குஷிமா என்னும் பருத்த தேகமுடைய ஒரு சகமாணவரை எவ்வகையிலும் வெல்ல இயலாமல் வருந்திய இளம் கானோ, சுமோ மல்யுத்தத்தின் பிடிகளை ஆராய்ந்து, அதுவும் போதாமல் நூலகத்துக்குச் சென்று மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, அங்கே கண்ட ஒரு முறையை நண்பர்களிடம் சோதித்துப் பார்த்து, பின்னர் அந்த ஃபுக்குஷிமாவையே அதனால் தூக்கி எறிந்தார். பிற்காலத்தில் கத்தா-குருமா எனப் பெயர் பெற்ற எறிமுறை அவ்வாறு உருப்பெற்றதே. ஓர் எறிமுறை என்பது விசாரணையினால் பிறந்து விசாரணையினாலேயே வளர்வது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1895இல் வகுக்கப்பட்டு 1920இல் திருத்தப்பட்ட கோடோக்கானின் கோக்கியோ என்னும் பாடத்திட்டம் 40 எறிமுறைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது. செயோய்-நாகே அதன் முதல் தொகுதியிலும், தை-ஒத்தோஷி இரண்டாம் தொகுதியிலும், உக்கி-ஒத்தோஷி நான்காம் தொகுதியிலும், சுமி-ஒத்தோஷி ஐந்தாம் தொகுதியிலும் இடம்பெறுகின்றன. உடல் துணை குறையக் குறைய, கையின் பொறுப்பு மிக மிக, பாடமும் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இனி எறிமுறையின் உள்ளமைப்புக்கு வருகிறேன். வலப்பக்கமாகச் செய்வதையே விவரிக்கிறேன். இடக்கைப் பழக்கமுடையோர் மாற்றிப் பொருத்திக்கொள்வார்களாக. உங்கள் இடக்கை எதிராளியின் வலக்கைச் சட்டையை முழங்கையருகே பற்றியிருக்கிறது. அதை இழுக்கும் கை, அதாவது ஹிக்கித்தே என்கிறோம். உங்கள் வலக்கை அவருடைய இடப்புற மார்புமடிப்பைப் பற்றியிருக்கிறது; அது தூக்கும் கை, த்ஸுரித்தே. எதிராளி தமது வலக்காலை முன்வைத்து, அதன்மீது பாரத்தை இறக்கப்போகிறார். பாதம் பாயைத் தொட்டுவிட்டது, ஆனால் பாரம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. அந்த இடைக்கணத்தில் இடக்கை அவருடைய கையை வெளிப்புறமாகவும் சற்று மேல்நோக்கியும் ஈர்க்கிறது. வலக்கையோ, முன்கை அவருடைய மார்பை ஒட்டியும் முட்டி மோவாய்க்குக் கீழுமாக அமைந்து, உடல் முழுவதையும் அதே மூலைக்கு உயர்த்திச் செலுத்துகிறது. அவருடைய குதிகால் எழும்புகிறது. பாரம் வலப்பாதத்தின் விரல்களுக்கு, அதுவும் சிறுவிரல் பக்கமாக, ஒதுங்குகிறது. அதற்குள் நீங்கள் இடப்புறமாகத் திரும்பி, இடக்காலைப் பின்னே சுற்றி ஊன்றி, வலக்காலை அவருடைய வலக்காலின் முன்னே, கணுக்காலுக்குச் சற்று மேலாகத் தாழ நீட்டி வைத்துவிடுகிறீர்கள். முழங்கால்கள் இரண்டும் மடங்கியிருக்கின்றன, முதுகு நிமிர்ந்திருக்கிறது, உங்கள் உடலுக்கும் அவருடைய உடலுக்கும் இடையே ஒரு வெளி இருக்கிறது. இப்போது இடக்கை ஒரு வளைவாக இறங்கி உங்கள் இடப்புற இடுப்பை நோக்கி வருகிறது. வலக்கை அவ்வளைவைப் பின்தொடர்ந்து தள்ளுகிறது. தலை இடப்பக்கம் திரும்புகிறது. மடங்கிய முழங்கால்கள் நிமிர்கின்றன. எதிராளி உங்கள் காலைக் கடந்து, சுழன்று, உங்கள் முன்னே விழுகிறார்.

உடலோடு உடல் ஒட்டாத அந்த வெளியைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் கூறவேண்டும். இடுப்பு எறிமுறைகளில் பழகிவிட்ட மாணவர், திரும்பியவுடன் தமது இடுப்பை எதிராளியின் வயிற்றில் பொருத்துவதற்கு முற்படுகிறார். அப்பொழுது இடுப்பு எறிமுறையும் இல்லாமல் தை-ஒத்தோஷியும் இல்லாமல், இரண்டின் குறைகளையும் மட்டும் கொண்ட ஏதோ ஒன்று நிகழ்கிறது. இடுப்பு பொருந்திவிட்டால் எதிராளி அதன்மேல் சாய்ந்து இளைப்பாறுகிறார்; நிலைகுலைந்திருந்தவருக்கு நீங்களே ஓர் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டவர் ஆகிறீர்கள். வெளி இருந்தால் அவருக்குச் சாய்வதற்கு இடமில்லை. அந்த வெளியின் வழியேதான் அவர் விழுகிறார். ஆனால் அந்த வெளி பயனுள்ளதாக இருக்கவேண்டுமானால், இருவரையும் இணைக்கும் பொருளாகக் கைகள் மட்டுமே எஞ்சுகின்றன என்பதை உணர்வீர்கள். கைகள் தளர்ந்த கணமே இருவருக்கும் தொடர்பு அற்றுவிடுகிறது. பின்பு நீட்டிய கால் வெறுங்கால்.

நிலைகுலைத்தலாகிய குஸுஷியைப் பற்றி உங்களுக்குப் போதித்திருப்பார்கள். அது எட்டுத் திசைகளிலும் செய்யக்கூடியது என்பதும், தை-ஒத்தோஷிக்கு உரிய திசை எதிராளியின் வல முன்மூலை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் குஸுஷி என்னும் அந்த உண்மை கானோவுக்கு எவ்விதம் வசமாயிற்று என்பதை நினைவுகூர்தல் நலம். 1885ஆம் ஆண்டளவில், தம்மை எப்போதும் எறிந்து வந்த ஆசிரியர் ஈக்குபோவை ஒருநாள் தாமே மீண்டும் மீண்டும் எறிய முடிந்ததைக் கண்டு அவர் வியப்படைந்தார். ஆசிரியர் அதன் காரணத்தை வினவியபோது, எதிராளியின் உடல் எத்திசையில் நிலைகுலைகிறது என்பதை ஆராய்ந்து, முதலில் அந்நிலையை உண்டாக்கிய பின்னரே எறிமுறையைப் பிரயோகித்ததாகக் கானோ விளக்கினார். இனிக் கற்பிப்பதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்று ஈக்குபோ கூறி, தமது மரபின் அதிகாரப் பத்திரத்தை மாணவருக்கு வழங்கினார். இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது, கானோ புதியதோர் எறிமுறையைக் கண்டுபிடிக்கவில்லை என்பதே. இருந்த எறிமுறைகளுக்கு முன்னே இருக்கவேண்டிய ஒரு சிறு காலப்பகுதியை அவர் கண்டுபிடித்தார். அந்தச் சிறு காலப்பகுதி முழுவதும் கைகளுக்குச் சொந்தமானது.

பின்னாளில் கானோ இந்த நிலைகுலைத்தலை எண்களைக் கொண்டும் விளக்கியதுண்டு. எதிராளியின் பலம் பத்து அளவு, என் பலம் ஏழு அளவு என்று வைத்துக்கொண்டால், அவர் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் தோல்வி எனக்கே. ஆனால் அவர் தள்ளும் அளவுக்கே நான் பின்வாங்கி, என் நிலையைக் காத்துக்கொண்டால், அவர் முன்சாய்ந்து நிலையிழக்கிறார்; அந்நிலையில் அவருக்கு மூன்று அளவு பலமே எஞ்சுகிறது; என்னிடமோ ஏழும் மிச்சமிருக்கிறது; அதில் பாதியே போதுமானது. இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் நிபந்தனையை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? எதிராளி தள்ளுகிறார் என்பதையும், எவ்வளவு தள்ளுகிறார் என்பதையும், எப்பொழுது தள்ளுகிறார் என்பதையும் நான் அறிந்திருக்கவேண்டும். கண்ணால் அதை அறிவதற்குள் காலம் கடந்துவிடும். சட்டையைப் பற்றியிருக்கும் விரல்களின் வழியே வருகின்ற செய்தியே முந்தி வருவது. அதற்காகத்தான் இறுகப் பற்றாதீர்கள் என்று ஆசிரியர்கள் ஓயாமல் வற்புறுத்துகிறார்கள். சிறுவிரலும் மோதிரவிரலும் உறுதியாகப் பற்றியிருக்க, முழங்கையும் தோளும் இளகியிருந்தால், எதிராளியின் பாதம் பாயில் படுவதைக்கூடக் கை உணரும். தோள் விறைத்தவருக்கு அந்த ஞானம் கிட்டாது. அவர் எதிராளியைத் தடுக்கிறாரே அன்றி அறிகிறார் இல்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், சில வாரங்களுக்குக் காலை மறந்துவிடுங்கள் என்பது. நாகே-நோ-கத்தா என்னும் முறைப்படுத்தப்பட்ட எறிதல் வரிசையில் உள்ள 15 எறிமுறைகளுள் முதலாவது உக்கி-ஒத்தோஷி. எறிபவர் எதிராளியைப் பற்றியபடி பின்னோக்கி அடியெடுத்து வைத்து, அவரைத் தம்மை நோக்கி நடத்தி வந்து, மூன்றாம் அடியில் இடமுழங்காலைப் பாயில் ஊன்றி, இரு கைகளாலும் அவரை வல முன்மூலைக்கு ஈர்த்து விடுகிறார். காலும் இல்லை, இடுப்பும் இல்லை. கைகளும், உடல் தாழும் இயக்கமும், எதிராளியின் சொந்த நடையும் மாத்திரமே. இளையோர் இதைத் தேர்வுக்காக மனனம் செய்யும் சடங்கு என்று எண்ணி, உயர் பட்டைக்கு விண்ணப்பிக்கும் காலம் வரைக்கும் ஒதுக்கி வைத்துவிடுவதைக் காண்கையில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. தை-ஒத்தோஷிக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை கிடையாது. திசை அதே திசை; இழுக்கும் கையின் பாதை ஏறக்குறைய அதே பாதை; தடையாக நிற்கும் கால் மட்டுமே இங்கில்லை. கால் இல்லாமலே எதிராளியை அரையடி தூரம் நிலைகுலைய வைக்கக் கற்றவருக்கு, கால் சேர்ந்தவுடன் எறிமுறை தானே முற்றுப்பெறும். கால் இல்லாவிட்டால் எதிராளி சிறிதும் அசையாமல் நிற்கிறார் என்று கண்டவர், இத்தனை நாளும் தாம் எறிந்து வந்தது தோழரின் தாட்சணியத்தினால்தான் என்பதை உணர்வார்.

உச்சிக்கோமி என்னும் திரும்பத் திரும்பப் புகும் அப்பியாசத்தைப் பற்றி என் கருத்து உங்களில் சிலருக்கும், உங்கள் ஆசிரியர்களில் சிலருக்கும் உவப்பாக இராது. அசையாமல் நிற்கும் ஒருவர் முன்னே விரைவாகத் திரும்பி, காலை நீட்டி, உடனே பழைய நிலைக்கு மீளும் அந்த அப்பியாசம், கால்களுக்குத் துரிதத்தையும் மூச்சுக்கு வலிமையையும் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிராளி அசையாததனால் கைக்கு உணர்வதற்கு எதுவும் இல்லை. எறிதல் பாதியில் நிறுத்தப்படுவதனால் கையின் இரண்டாம் பாதி வேலை ஒருபோதும் நிகழ்வதில்லை. எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் இழுக்கும் கை சிறுகச் சிறுகத் தாழ்ந்து, இறுதியில் தொங்கும் கையாகிவிடுகிறது. ஒரு பழக்கத்தை ஆயிரம் முறை செய்தால் அது நல்ல பழக்கமாகிவிடுவதில்லை. ஆழ்ந்த பழக்கமாகிவிடுகிறது, அவ்வளவே. ஆதலால் நின்ற இடத்தில் செய்வதைக் குறைத்து, இருவரும் பாயின் நீளம் முழுவதும் நடந்துகொண்டே செய்யும் உச்சிக்கோமியை மிகுதியாக்குங்கள். எதிராளியின் வலக்கால் வருவதற்கு முன்பே புகுந்தால் அவர் பின்னே சாய்ந்து தப்பிவிடுவார்; பாரம் முழுமையாக இறங்கிய பின் புகுந்தால் அவர் உறுதியாக ஊன்றி நிற்பார். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கணத்தை நடையில்தான் கற்கமுடியும். மூன்றாமவர் ஒருவர் எதிராளியின் பட்டையைப் பின்னாலிருந்து பற்றி நிற்க, முழுப் பலத்தோடு இழுத்துப் புகும் மூவர் உச்சிக்கோமியும் மிகவும் நன்மை பயப்பது. அங்கே எதிராளி விழமாட்டார் என்னும் உறுதியினால், கைகள் தயக்கமின்றித் தம் வேலையைக் கடைசிவரை செய்யத் துணிகின்றன.

தூணிலோ ஜன்னல் கம்பியிலோ சைக்கிள் டியூபைக் கட்டி வைத்து இழுத்துப் பழகுகிறவர்களும் உங்களில் உண்டு. தனியே பயில்வதற்கு அது நல்ல உபாயம். ஆனால் டியூப் நேராக நம்மை நோக்கியே இழுக்கப்படுவதனால், கை தன்னை அறியாமலே மார்புக்கு நேராக, நெருக்கமாக இழுக்கப் பழகிவிடும். தை-ஒத்தோஷியின் இழுப்பு முதலில் வெளியே போகவேண்டும், பின்னரே வளைந்து உள்ளே வரவேண்டும். கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல இடக்கையை உயர்த்து என்று ஆசிரியர்கள் சொல்வதும் இதற்கு உதவும் குறிப்பே. எனினும் அதைக் கேட்ட மாணவர் கையை உயர்த்திய இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். உயர்த்துவது தொடக்கம், அங்கிருந்து இடுப்பு வரை கை பயணம் செய்தாக வேண்டும்.

வலக்கையைக் குறித்துச் சொல்லாமல் விட்டால் பெருங்குறையாகும், ஏனெனில் பலரிடம் அது சோம்பிக் கிடக்கிறது. இழுக்கும் கை எதிராளியின் கையை மட்டுமே அழைத்து வரவல்லது. தோள் பின்தங்கினால் உடல் பின்தங்கும். உடலைக் கொண்டுவருவது தூக்கும் கை. முழங்கை வெளியே எழும்பிப் பறந்தால் தோளின் பலம் கைக்கு வந்து சேராது. முழங்கை விலாவோடு ஒட்டி ஒடுங்கினால் உயர்த்துவதற்கு இடம் போதாது. முழங்கை கீழ்நோக்கி, முன்கை எதிராளியின் மார்பில் படிந்து, முட்டி மோவாயைத் தொடும்படி இருக்கையில்தான், நீங்கள் திரும்பும் திருப்பமும் நிமிரும் நிமிர்வும் அதன் வழியே அவருடைய உடலில் ஏறுகின்றன. கையில் பிறக்கும் பலம் சொற்பம். கை ஒரு வாய்க்கால் மாத்திரமே என்று உணர்ந்தவர் அதை முறுக்கிப் பலவந்தப்படுத்த மாட்டார்.

இனி ஓர் எச்சரிக்கை. நீட்டிய வலக்காலை விறைத்து, முழங்காலை நேராக்கி, பாதத்தை முழுவதும் பாயில் படியவைத்து நிற்பவரைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதைக்கிறது. எதிராளியின் பாரம் முழுவதும் அந்த மூட்டின் பக்கவாட்டில் விழுமானால், பிணைநார் கிழிந்துவிடும். அவ்வாறு கிழிந்த முழங்கால் பழைய நிலைக்கு வர மாதங்கள் பல ஆகும், சிலருக்கு முழுமையாக வருவதும் இல்லை. குதிகாலை உயர்த்தி, விரல்களின் அடிப்பாகத்தில் ஊன்றி, முழங்கால் சற்று மடங்கித் தரையை நோக்கும்படி வைத்தால், வரும் பாரத்தைக் கெண்டைச் சதையும் தொடையும் ஏற்றுக்கொள்ளும். எதிராளியின் முழங்காலுக்கும் நீங்கள் பொறுப்பாளிகள்: உங்கள் கால் அவருடைய முழங்காலுக்கு நேரே உயர்ந்து நின்றால், அவருடைய மூட்டு முன்னே செல்ல வழியின்றிப் பக்கவாட்டில் மடியும். தாழ வையுங்கள். கைகள் தம் கடமையைச் செய்யாதபோதுதான் கால் உயர்கிறது என்பதையும், கால் விறைக்கிறது என்பதையும் அனுபவத்தில் காண்பீர்கள். வெட்டியெறியும் கருவியாகக் காலை மாற்ற முயல்கிறவருக்கே இவ்விபத்துகள் அதிகம்.

எறிந்து முடிந்தவுடன் இடக்கை என்ன செய்யவேண்டும்? சட்டையை விட்டுவிடக்கூடாது. எதிராளி காற்றில் சுழன்று இறங்கும்போது, அவருடைய வலக்கையைச் சற்று மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தால், அவர் பக்கவாட்டில் இறங்கி, இடக்கையால் பாயை அறைந்து, தலை படாமல் பத்திரமாக விழுகிறார். கையை விட்டுவிட்டால் அவர் தோள்மீதோ ஊன்றிய முழங்கைமீதோ விழ நேரும். எறிந்த கையே காக்கவும் வேண்டும். கானோ 1922இல் தமது பண்பாட்டுச் சங்கத்தை நிறுவியபோது வகுத்த இரு கோட்பாடுகளுள், ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துதல் என்பது ஒன்று. தானும் பிறரும் கூடி மேன்மையுறுதல் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே கையில், ஒரே வினாடியில் அனுஷ்டிக்கக்கூடிய இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்கு முன்மாதிரிகளாகச் சிலரைக் குறிப்பிடுகிறேன். மிஃபுனே கியூஸோ, 1883இல் பிறந்து 1965இல் மறைந்த பத்தாம் டான் ஆசான், சிற்றுருவினர். அவர் உருவாக்கிய கூக்கி-நாகேதான் இன்று சுமி-ஒத்தோஷி என வழங்குகிறது. 1955இல் எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்றில், எழுபது கடந்த அப்பெரியவர் தம்மைவிட மிக இளையவர்களைப் பாயின் குறுக்கே நடத்திச் சென்று, கைகளின் ஒரு திருப்பத்தால் வீழ்த்துவதைப் பார்க்கலாம். அவருடைய கையை மட்டும் பாராதீர்கள். அதற்கு முன் அவர் எதிராளியை எத்தனை அடி நடத்துகிறார் என்பதைப் பாருங்கள். தை-ஒத்தோஷியில் புகழ் பெற்றவர் பிரிட்டன் நாட்டு நீல் ஆடம்ஸ்; 1981இல் உலகப் பட்டத்தையும், 1980, 1984 ஒலிம்பிக்குகளில் வெள்ளிப் பதக்கங்களையும் வென்றவர். அவர் செய்யும்போது எதிராளியின் தலையும் தோளும் முதலில் சாய்வதையும், கால் அதற்குப் பின்னரே வந்து சேர்வதையும் காண்பீர்கள். செயோய்-நாகேயில் வல்லவரான ஒக்கானோ இஸாவோ, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 80 கிலோ பிரிவில் தங்கம் வென்றதோடு நில்லாமல், எடை வரம்பே இல்லாத அகில ஜப்பான் போட்டியில் 1967லும் 1969லும் வாகை சூடினார். தம்மினும் மிகவும் பருத்தவர்கள் நடுவே நடுத்தர உடலுடையவர் ஒருவர் வென்றது, கைகளால் நிலைகுலைக்கும் சூட்சுமம் வாய்க்கப்பெற்றதனால் அன்றி வேறெதனால் இருக்கமுடியும்? இம்மூவரின் தோற்றமும் நடையும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. எறிமுறையைச் செம்மைப்படுத்துவது என்பது, அவரவர் உடலின் நீளத்துக்கும் நடைக்கும் அதைப் பொருத்திக்கொள்வதாகும். நெடிய கை உடையவர் தூரத்திலிருந்தே இழுக்கலாம். குறுகிய கை உடையவர் வலமுன்கையை இன்னும் நெருக்கிப் படியவைக்க வேண்டியிருக்கும். ஆசிரியரின் தை-ஒத்தோஷியை அச்சாகப் பெயர்த்துக்கொள்ள முயல்வதனால் பயனில்லை.

ரந்தோரியில், அதாவது தடையற்ற மோதற் பயிற்சியில், எவரும் உங்களுக்காக வலக்காலை முன்வைக்கக் காத்திருக்கமாட்டார்கள். அதற்கு வேறோர் எறிமுறையின் உதவி தேவைப்படும். எதிராளியின் இடக்காலை உட்புறமாக வாரும் ஓஉச்சி-காரியை மெய்யாகவே முயன்றால், அவர் அக்காலை விலக்கிப் பின்னிழுத்து, பாரத்தை வலக்காலுக்கு மாற்றி, விழாமல் இருப்பதற்காக முன்னே சாய்கிறார். தை-ஒத்தோஷிக்கு வேண்டிய நிலையை அவரே உண்டாக்கித் தருகிறார். மெய்யாகவே என்று சொன்னதைக் கவனியுங்கள். பாசாங்கான தாக்குதலுக்குத் தேர்ந்தவர் எவரும் அசையமாட்டார். எதிராளி உங்கள் காலைத் தாண்டி அடுத்த அடியை வைத்துவிட்டால், காலை வேகப்படுத்த முயலாதீர்கள். உங்கள் கைகள் தாமதித்தன என்று கொண்டு, அடுத்த முறை இழுப்பை ஒரு மூச்சு முன்னதாகத் தொடங்குங்கள்.

கடைசியாக, எறியப்படும் முறை உங்களுக்கு வரும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோழர் புகுந்தவுடன், இழுப்பு வராமலே நீங்களாக எழும்பி விழுந்து கொடுத்தால், அவர் தவற்றையே வெற்றி என்று எண்ணிப் பயில்வார். விழக்கூடாது என்று பிடிவாதமாகத் தோளை விறைத்து நின்றால், அவருடைய கைக்கு நீங்கள் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. இயல்பாக நடந்து வாருங்கள். கைகளை இளக விடுங்கள். நிலைகுலையாதபோது நில்லுங்கள், நிலைகுலைந்தபோது தயங்காமல் விழுங்கள். பின்பு எழுந்து, எந்தக் கணத்தில் உங்கள் குதிகால் எழும்பியது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்; அது அவருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டுமே தெரியும்.

மெய்யன்புடன்,
உங்கள் பயிற்சிப் பாயில் முன்னே நடந்தவன்